பதினஞ்சு பைசா நேயர் விருப்பம்

குரூப்: ஆறுமுகநேரி வீடு 🏠

[காலை 6:02] பெரியப்பா: 🎤 குரல் பதிவு (0:41)

[6:03] பெரியப்பா: இன்று பிப்ரவரி 13. உலக வானொலி நாள். மேலே போட்டிருப்பதைக் கண்ணை மூடிக் கேட்கவும். என்னன்னு சொல்றவங்களுக்குப் பரிசு உண்டு.

[6:20] அத்தை: இதுக்குப் பரிசு வேறயா அண்ணே. காலைல ஆகாசவாணி தொறக்கயில வருமே அந்த மெட்டு. அது அடங்குமுன்ன அடுப்பு பத்திருக்கணும். இல்லன்னா அம்மா வெளக்குமாத்த எடுத்துருவா

[6:24] பெரியப்பா: சரியான விடை. மெட்டு போட்டவர் வால்டர் காஃப்மன். ஹிட்லர் காலத்துல ஐரோப்பாவை விட்டு பம்பாய்க்கு வந்து ரேடியோல வேலை பார்த்தவர்.

[6:25] தம்பி (பெங்களூர்): விடிஞ்சும் விடியாம கூகிளா பெரியப்பா 😂

[6:26] பெரியப்பா: பென்சன்காரனுக்கு வேற என்னடே சோலி.

[6:41] சித்தப்பா: அது சரி. 7.15 ஆச்சுன்னா "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி". அப்பா அதக் கேட்டுத்தான் கைக்கடியாரத்துக்குச் சாவி குடுப்பாவ

[6:42] சித்தப்பா: ஆனா நம்ம வீட்ல ரேடியோன்னா கொழும்புதான். மெட்ராஸ் கரகரன்னு இரையும், இலங்கை பக்கத்து வீட்ல பேசுத மாதிரி கேக்கும். பொங்கும் பூம்புனல் போட்டா நான் பள்ளிக்கூடம் கெளம்பணும்னு அர்த்தம்

[6:44] அத்தை: அந்த மர்ஃபி பெட்டிய மறந்துட்டியாலே. சுவிட்சப் போட்டு வால்வு சூடாகுத வரைக்கும் ஒரு சத்தமும் வராது. ஸ்டேசன் சரியா விழுந்தா பச்சக்கண்ணு லைட்டு ரெண்டு பக்கமும் வந்து ஒட்டும். அதத் திருக அப்பாவத் தவிர ஒருத்தருக்கும் அனுமதி கெடயாது

[6:45] சித்தப்பா: உப்பளத்துல வச்சிருந்த டிரான்சிஸ்டர விட்டுட்டியேக்கா. பேட்டரிக் கட்ட தீந்தா மொட்டமாடில வத்தலோட வத்தலா எவரெடியும் காயும். இன்னும் நாலு நாளு ஓடும்

[6:47] நான்: எனக்கு தென்கச்சி கோ. சுவாமிநாதன்தான் ஞாபகம். இன்று ஒரு தகவல். கேக்குற நாம சிரிப்போம், அவர் சிரிக்கவே மாட்டார். அவர் 2009ல போனப்ப அப்பா அன்னைக்கு முழுக்க ரேடியோ போடல

[7:05] சித்தி: குட் மார்னிங் 🌹 எல்லாரும் ரேடியோவையே புடிச்சிட்டு இருக்கீங்க. எங்க மெட்ராஸ்ல 1975லயே டிவி வந்துடுச்சு, ஆகஸ்ட் 15

[7:06] சித்தப்பா: வந்துட்டாங்கய்யா தூர்தர்ஷன்

[7:09] சித்தி: எங்க தெருவுக்கே ஒரே ஒரு சாலிடேர் டிவி. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும்னா வாசல்ல அம்பது ஜோடி செருப்பு கிடக்கும். ஒரு தடவை பாட்டு முடிஞ்சு வந்து பார்த்தா என் செருப்புல ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு வேற யாரோடதோ, ஆம்பளை சைஸ். அதைப் போட்டுக்கிட்டே மறுநாள் ஸ்கூல் போனேன்

[7:10] தம்பி (பெங்களூர்): வாரம் பூரா காத்திருந்து அரை மணி நேரப் பாட்டா?? எப்படி உயிரோட இருந்தீங்க

[7:11] சித்தி: அதுலயும் நடுவுல "தடங்கலுக்கு வருந்துகிறோம்"னு போர்டு வெச்சுடுவான். அதையும் உட்கார்ந்து பார்ப்போம்டா

[7:14] சித்தப்பா: இங்க ஏரியலக் கடலப் பாத்துத் திருப்புனா இலங்கை டிவி, ரூபவாகினி. காத்தடிச்சா ஒருத்தன் மாடியில, ஒருத்தன் முத்தத்துல. "தெரியுதாலே?" "தெரியல" "இப்ப?" "தெரிஞ்சுது, போயிட்டு"

[7:31] அத்தை: டிவி எல்லாம் கெடக்கட்டும். இந்த வீட்ல ரேடியோவுல பேரு வந்தது எனக்கு மட்டுந்தான். சின்னவங்களுக்குத் தெரியாதுல்லா

[7:32] நான்: என்னது!! சொல்லுங்க அத்தை

[7:36] அத்தை: 1984. திருநெல்வேலி நிலையத்துக்கு நேயர் விருப்பம் எழுதிப் போட்டேன். சுசீலாம்மா பாட்டு. உங்க சித்தப்பன்ட பதினஞ்சு பைசாவும் எழுதுன சீட்டும் குடுத்து, கார்டு வாங்கி அழகா எழுதிப் போடுலேன்னேன். அவன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். பேரு வந்த அன்னைக்கு நான் குழாயடியில நிக்கேன். ஓடி வந்து சொல்லுதான், ஒன் பேர வாசிச்சாச்சுக்கான்னு. கொடத்தத் தூக்கிட்டு ஓடி வாரதுக்குள்ள பாட்டும் முடிஞ்சிட்டு

[7:38] சித்தப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[7:38] தம்பி (பெங்களூர்): சித்தப்பா என்னத்தை அழிச்சீங்க 👀

[7:45] சித்தப்பா: அக்கா, கோவப்படக் கூடாது

[7:45] அத்தை: ?

[7:47] சித்தப்பா: கார்டு போடலக்கா. அன்னைக்கு போஸ்ட் ஆபீஸ் வாசல்ல சேமியா ஐஸ் வண்டி நின்னுச்சு. நீ தெனம் தெனம் பேரு வந்துச்சா வந்துச்சான்னு கேட்டியா, தாங்க முடியல

[7:48] சித்தி: ஐயோ

[7:51] அத்தை: அப்போ எதுத்த வீட்டக்கா? நானும் கேட்டேம்ட்டி, மூணாவது பேரு ஒன் பேருதான்னு சொல்லி ரெண்டு அதிரசம் வாங்கித் தின்னாளே!

[7:52] சித்தப்பா: சத்தியமா நான் அவங்கள்ட்ட ஒண்ணும் சொல்லல 🙏

[7:53] தம்பி (பெங்களூர்): 🤣🤣🤣

[7:55] பெரியப்பா: நானும் கேட்டதாகச் சொன்ன நினைவு. வீட்டில் எல்லாரும் கேட்டோம்னு சொல்லும்போது நான் மட்டும் கேட்கலைன்னு எப்படிச் சொல்ல.

[7:56] அத்தை: நல்லா இருக்கு அண்ணே நீங்க செஞ்சது

[8:03] அத்தை: அப்பாவும் கேட்டேன்னாவளே. பேர நல்லா நிறுத்தி, இன்சியலோட வாசிச்சாவன்னு சொன்னாவ. மறுநாளு பஜார்ல இருந்து அல்வா வாங்கிட்டு வந்தாவ

[8:09] பெரியப்பா: அப்பா அன்னைக்கு அளத்தில். உப்பு வாரும் நாள். டிரான்சிஸ்டர் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தது.

[8:22] சித்தி: அண்ணி இருக்கீங்களா?

[8:40] சித்தப்பா: அக்கா, ஜிபே பாரு

[8:52] அத்தை: ஒரு ரூவா வந்திருக்கு. மிச்சம் 85 பைசா தர மாட்டேன்