நீலகிரி பீட் கோர்: 140 செ.மீ.யை விட 165 செ.மீ. இளையதாக வருகிறது, எதைத் தள்ளுவது?

புல்மேடு:
நீலகிரி மேல்மலைச் சதுப்பில் ரஷ்யன் கோரரால் (சதுப்பில் செருகி மண் தூணை வெட்டியெடுக்கும் கருவி) எடுத்த 2 மீட்டர் பீட் (அரைகுறையாக மக்கிய தாவரப் படிவு). சலிக்காத மொத்த மாதிரியில் ஏ.எம்.எஸ். (முடுக்கி நிறைமாலை) ரேடியோகார்பன் வயதுகள் (ஆண்டுகளில், நாட்காட்டி ஆண்டுக்கு அளவுதிருத்தம் இல்லாமல்):
60 செ.மீ. – 4,300
140 – 14,200
165 – 11,900
195 – 18,600
ஆழம் கூடினால் வயதும் கூட வேண்டும். நடு இரண்டுக்கும் சராசரி போடலாமா?

படிவுக்காரன்:
சராசரி வேண்டவே வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 140-ஐ நம்பினால் 165-இன் வயது சுமார் 16,200 இருக்க வேண்டும். அது 11,900 ஆகத் தெரிய 11% புதுக் கார்பன் கலந்தால் போதும். அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிந்தைய வேர் என்றால் இன்னும் குறைவே போதும். மறுபக்கம், 165 சரி என்றால் 140-க்கு 10,100 வர வேண்டும். அதை 14,200 ஆக்க 40% செத்த கார்பன் (ரேடியோகார்பன் தீர்ந்துபோன பழைய கார்பன்) வேண்டும். சரிவிலிருந்து அடித்துவரும் மண்ணில் இருப்பது முழுக்கச் செத்த கார்பனும் அல்ல, எனவே பங்கு இன்னும் ஏறும். என் சந்தேகம் 165 மேல்தான். கோரைப் புல்லின் வேர் ஆழமாக இறங்கும்.

மீதி மாதிரியை 125 மைக்ரான் சல்லடையில் ஈரமாகச் சலித்து, வேர்த்துண்டுகளை விட்டுவிட்டு, கீழே விழும் நுண்பகுதியை மட்டும் எடுங்கள். பிறகு அமிலம்–காரம்–அமிலம் என்ற வரிசையில் கழுவுங்கள். காரம் நீர்த்ததாக இருக்கட்டும். கடுமையாகப் போட்டால் நன்கு மக்கிய பீட் பெரும்பாலும் கரைந்து போய்விடும். கடைசி அமிலத்தை விட்டுவிடாதீர்கள், காரம் காற்றிலிருந்து இழுத்த கார்பன் டை ஆக்சைடு அதில்தான் போகும். காரத்தில் கரைந்த ஹியூமிக் அமிலத்தையும் கரையாமல் எஞ்சிய ஹியூமினையும் தனித்தனியே அனுப்புங்கள். ஹியூமிக் மட்டும் இளையதாக வந்தால் மேலிருந்து நீரோடு இறங்கியிருக்கிறது.

சாம்பல்கிண்ணம்:
அந்த 40% அவ்வளவு அசாத்தியம் இல்லை. 140-இல் வண்டல் பட்டை இருந்தால் அங்கே பீட்டின் சொந்தக் கார்பன் கொஞ்சம்தான். அடித்துவந்த பழைய மண்ணே வயதைத் தீர்மானித்துவிடும். 130 முதல் 175 வரை 2 செ.மீ.க்கு ஒன்று எடுத்து, 105 டிகிரியில் உலர்த்தி, 550 டிகிரியில் 4 மணி நேரம் எரியுங்கள். 140-இல் சாம்பல் (எரியாத கனிம மண்) திடீரென ஏறினால் அந்த வயதைத் தள்ளுங்கள்.

இன்னொன்று, ஒரே குழியில் எடுத்தீர்களா? கோரர் மூக்கு அடுத்த 10 செ.மீ.யைக் கலக்கும், மேல் சேறும் குழிக்குள் விழும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழி போட்டு, மாறி மாறி, 10 செ.மீ. மேற்பொருந்த எடுப்பதே முறை.

புல்மேடு:
ஒரே குழிதான். கார்பன்-13 மதிப்பு (கார்பன்-12-உடனான விகிதம்) 195 செ.மீ.யில் −20‰. பாதி சி4 (வெப்பமும் வறட்சியும் தாங்கும் ஒளிச்சேர்க்கை வகை) புல், ஆகவே வறட்சி என்று எழுதலாமா?

படிவுக்காரன்:
சி3-க்கு (மரங்கள் உட்படப் பெரும்பாலான தாவரங்கள்) −27, சி4-க்கு −13 வைத்தால் 7/14, பாதி சரி. ‘ஆகவே வறட்சி’தான் இடிக்கிறது. கடைசிப் பனியுச்சத்தில் (பனியுகத்தின் உச்சக் குளிரில்) காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 190 பிபிஎம் (பத்து லட்சத்தில் 190 பங்கு). மழை குறையாவிட்டாலும் அது சி4-க்குச் சாதகம். 1993-இல் ஆர். சுகுமார் குழு நீலகிரிப் பீட்டில் இதே முறையில் பருவமழை மாற்றத்தைக் காட்டியது உண்மை. ஆனால் உங்களிடம் மகரந்தக் கணக்கு இல்லாமல் மழையை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. கோரையில் சி3, சி4 இரண்டு வகையும் உண்டு. சதுப்பில் எது வளர்ந்தது என்பதே மதிப்பை நகர்த்திவிடும்.