கேஸ் ஏற்றியும் ஏசி காயிலில் திரும்ப ஐஸ் கட்டுகிறது, காயில் மாற்றத்தான் வேண்டுமா?

வேளச்சேரி மாடிவீடு:
அம்மாவின் அறையில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி. ஆர்32 கேஸ், வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. இரவு பத்து மணிக்குப் போட்டால் பன்னிரண்டு வரை நன்றாக இருக்கும். அப்புறம் காற்று குறைந்துகொண்டே வரும். முன்மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் வலது ஓரத்தில், குழாய் நுழைகிற பக்கம் மட்டும் காயில் (காற்றைக் குளிர வைக்கிற குழாய்ச் சுருள்) மேல் வெள்ளையாக ஐஸ். நிறுத்தினால் உருகித் தலைமாட்டில் சொட்டுகிறது. அம்மா தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்துக்கொண்டு படுக்கிறார்.

பக்கத்துத் தெரு சர்வீஸ்காரர் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்து, "கேஸ் கம்மி சார்" என்று ஏற்றினார், 2,500 ரூபாய். ஒரு மாதம் ஓடியது. மறுபடி ஐஸ், மறுபடி கேஸ், மறுபடி 2,500. இப்போது காயிலே போய்விட்டது, 14,000 ஆகும் என்கிறார். எங்கே ஓட்டை என்று கேட்டால் "உள்ளே எங்கேயோ" என்கிறார். எங்கேயோ என்பதற்கா 14,000? ஃபில்டரை நானே கழுவி மாட்டுகிறேன். 25-க்குக் கீழே வைப்பதே இல்லை, வைத்தால் அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொள்ளும்.

திருச்சிக்காரன்:
ஃபில்டர் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. காற்று வருகிற வாய் வழியாக டார்ச் அடித்து உள்ளே உருளும் புளோயரைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதன் இதழ்களில் கறுப்பாக அழுக்கு அப்பியிருந்தது. ஜெட் பம்ப் வைத்துக் கழுவியதும் ஐஸ் நின்றுவிட்டது.

வேளச்சேரி மாடிவீடு:
புளோயர் சுத்தம்தான், கோடைக்கு முன்னால் வாட்டர் சர்வீஸ் ஆனது. இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. மாடியில் அவுட்டோர் பெட்டியிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாயிலும் வால்வு ஓரம் உறைபனி பிடித்திருக்கிறது. தடித்த குழாயில் ஒன்றும் இல்லை.

பழைய மெக்கானிக்:
அந்த மெல்லிய குழாயே பாதி பதிலைச் சொல்லிவிட்டது. காற்றுக் குறைவால் வரும் ஐஸ் காயில் முழுக்கப் பரவும், தடித்த குழாயும் வெளுக்கும். உங்களுக்கு ஒரு ஓரம், மெல்லிய குழாய், அவ்வளவுதான். கேஸ் குறைவு என்று உங்கள் ஆள் சொன்னது சரி. அதற்கு மேல் அவர் செய்ததுதான் சரியில்லை.

கேஸ் குறைந்தால் குளிர்ச்சிதானே குறைய வேண்டும், ஐஸ் எப்படி வரும் என்று பலர் கேட்பார்கள். காயிலுக்குள் அழுத்தம் குறையக் குறைய, கேஸ் கொதிக்கும் வெப்பநிலையும் இறங்கும். ஆர்32-க்குக் கேஜில் ஏறக்குறைய 100 பி.எஸ்.ஐ. என்றால் பூஜ்ஜியம் டிகிரி. அதற்குக் கீழே போனால் நுழைகிற இடத்துக் குழாய் உறைநிலைக்கும் கீழே போய்விடும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம், வந்து ஒட்டி உறைந்துவிடும். ஐஸ் காற்றை மறைக்கும், காற்று குறைந்தால் ஐஸ் இன்னும் தடிக்கும்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓடி ஓடித் தீர்கிற பொருள் இல்லை. குறைந்திருக்கிறது என்றால் கசிகிறது, அவ்வளவுதான். கசிவைக் கண்டுபிடிக்காமல் ஏற்றினால் அடுத்த மாதமும் அவருக்கு 2,500.

முதலில் பார்க்க வேண்டியது காயில் இல்லை, ஃபிளேர் நட்டுகள், அதாவது செம்புக் குழாயின் விரித்த வாயைப் பெட்டியோடு இறுக்குகிற நட்டுகள். அவுட்டோரில் இரண்டு, இன்டோருக்குப் பின்னால் டேப் சுற்றி மறைந்திருக்கும் இரண்டு. டேப்பைப் பிரித்தால் கசிகிற நட்டில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் வருமே. நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கசிவை அடைத்த பிறகு பம்ப் வைத்து வேக்கம் போட வேண்டும், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். கேஸைத் தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும், அளவு அவுட்டோர் பெயர்த்தகட்டில் இருக்கும். இன்வெர்ட்டரில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜை மட்டும் பார்த்து ஏற்றுவது குத்துமதிப்புதான். ஆர்32 தீப்பிடிக்கக்கூடியது. கேஸ் உள்ளே இருக்கும்போது வெல்டிங் பக்கம் யாரையும் விடாதீர்கள்.

அதுவரை ஐஸ் கட்டினால் ஃபேன் மோடில் போட்டு உருக விடுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வைத்துச் சுரண்டினால் அன்றைக்கே காயில் நிஜமாகப் போய்விடும்.

கால்வாய் ஓரத்து வீடு:
காயில் போவதும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சாக்கடைக் கால்வாய். அதிலிருந்து வரும் கந்தக வாயு செம்பைக் கறுப்பாக்கி அரித்துவிடுகிறது. எங்கள் காயில் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் கசிந்தது, மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆனால் மெக்கானிக் அதைக் கழற்றி, நைட்ரஜன் ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழியைக் காட்டிவிட்டுத்தான் பணம் கேட்டார்.

வேளச்சேரி மாடிவீடு:
வேறொருவரை வரவழைத்தேன். நைட்ரஜன் என்றதும் ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் சிலிண்டரோடு வந்தார். இன்டோர் பின்னால் தடித்த குழாயின் நட்டில் டேப்பைப் பிரித்ததுமே தூசி ஒட்டிய எண்ணெய்க் கறை. நுரை தடவியதும் அங்கே சின்னச் சின்னக் குமிழியாகப் பொங்கியது. குழாய் வாயில் மயிரிழை விரிசல். அதை வெட்டிவிட்டு, குழாய் வாயை விரித்துப் புது ஃபிளேர் போட்டார். பிறகு நைட்ரஜனை ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனார், திரும்பி வந்து பார்த்தபோதும் கேஜ் முள் அதே இடத்தில். வேக்கம் போட்டு, தகட்டில் உள்ளபடி 950 கிராம் நிறுத்து ஏற்றினார். மொத்தம் 4,800. இப்போது விடிய விடிய ஓடுகிறது, ஐஸ் இல்லை. பேசின் பாத்ரூமுக்குப் போய்விட்டது.

பழைய மெக்கானிக்:
நல்லது. பிரித்த இடத்தில் இன்சுலேஷன் திரும்பச் சுற்றினாரா என்று பாருங்கள். வெறும் டேப் மட்டும் என்றால் குழாய் வியர்த்துச் சுவர் ஊறும், அப்புறம் ஏசி லீக் என்று இன்னொரு ஆளைக் கூப்பிடுவீர்கள்.