மறு: வால்வுத் தொற்றிலிருந்து தண்டுவடத்துக்கு - சொல் வேண்டும், நாளை இரவு கடைசி

அன்புள்ள நண்பர்களுக்கு,

நோயாளியின் வீட்டாருக்கான கையேட்டில் எல்லாப் பக்கமும் முடிந்து, இதய வால்வில் வந்த தொற்றால் தண்டுவடத்துக்குள் சீழ் கட்டுவதற்குத் தமிழில் என்ன பெயர் என்ற இந்த ஒரு சொல்லில் நிற்கிறேன். 'முதுகுத்தண்டுத் தொற்று' போதுமே என்று ஐயா எழுதியிருந்தார். போதாது ஐயா. இதய வால்வில் கிருமியும் இரத்த உறைவும் சேர்ந்து திரண்டிருக்கும், அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து இரத்தத்தோடு போனால் மூளையிலோ மண்ணீரலிலோ சிறுநீரகத்திலோ சிக்கும். கிருமி முதுகெலும்பில் தங்குவதும் உண்டு. தண்டுவடத்துக்குள்ளேயே சீழ் கட்டுவது மிக அரிது. எலும்பில் வருவது, வடத்தின் உறைக்கு வெளியே சேர்வது, வடத்துக்குள் கட்டுவது, மூன்றும் வேறு வேறு.

இந்தக் குழப்பம் கிரேக்கத்திலேயே இருக்கிறது. 'மைலோஸ்' என்றால் மச்சை (மஜ்ஜை). எலும்பு மச்சைக்கும் தண்டுவடத்துக்கும் அந்த ஒரே வேர்தான். அதனால்தான் ஆஸ்டியோமைலைட்டிஸ் எலும்பு நோயாகவும் மைலைட்டிஸ் தண்டுவட நோயாகவும் இருக்கின்றன. நமக்கு 'வடம்' தனியாகக் கிடைத்திருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

'தண்டுவட அழற்சி' என்று இங்கே அம்மா ஒருவர் எழுதிய சொல் அழகுதான், அழல் என்றால் நெருப்பு, எரிச்சல் அப்படியே தெரிகிறது. ஆனால் கிருமியே இல்லாமலும் அழற்சி வரும். இங்கே சீழ் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். சுருக்கமாக 'வடச்சீழ்' என்றால் வடதிசைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

வால்வுக்கு 'ஓரதர்' கேட்டவர்களுக்கு: அதர் என்றால் வழி, சங்கப் பாட்டில் படித்தது எனக்கும் பிடிக்கும். ஆனால் தந்தையைப் படுக்கையில் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்து இதைப் படிக்கிற மகளிடம் மருத்துவர் 'வால்வு' என்றுதான் சொல்லியிருப்பார். அப்புறம், பழைய வரைவில் வால்வின் மேல் 'தாவர வளர்ச்சி' என்று இருந்தது. வால்வில் திரளும் அந்தக் கிருமிக் கட்டியை ஆங்கில மருத்துவத்தில் வெஜிடேஷன் என்பார்கள், அதை யாரோ அகராதி பார்த்துப் போட்டிருக்கிறார்கள். அடித்துவிட்டு 'கிருமித்திரள்' என்று வைத்தேன்.

ஆக, 'வால்வுத் தொற்றால் வரும் தண்டுவடச் சீழ்க்கட்டி'. நீளம்தான், பெரும்பாலோர் சரி என்றுவிட்டீர்கள். ஓரதரை விடமாட்டேன் என்றவருக்காக அதைச் சொல்லடைவில் சேர்க்கிறேன். காய்ச்சலும் முதுகுவலியும் இருக்கும்போது கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் இறங்காவிட்டாலோ உடனே சொல்லுங்கள் என்ற வரி மட்டும் தெளிவாக இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.