உணவுக்குழாய்ச் சுவருக்குள் கட்டி: பயாப்ஸி நன்றாக வந்தபின் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் தேவையா?

கேள்வி:
நெஞ்செரிச்சலுக்காக என் அம்மாவுக்கு எண்டோஸ்கோப்பி செய்தபோது, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் வழவழப்பான ஒரு புடைப்பு தெரிந்தது. அதிலிருந்து கிள்ளி எடுத்த சதையில் குறை ஏதும் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது. ஆனாலும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் செய்யச் சொல்கிறார்கள். இது தேவைதானா?

மறுமொழி 1 (இரைப்பை குடல் மருத்துவர்):
தேவைதான். பயாப்ஸி இடுக்கி மேலே உள்ள சளிச்சவ்வை மட்டுமே கிள்ளும். கட்டி அதற்கு அடியில் இருப்பதால், உங்கள் கையிலுள்ள அறிக்கை கட்டியின் மேல் போர்த்தியிருக்கும் சவ்வைப் பற்றியதாகத்தான் இருக்கும். எண்டோஸ்கோப்பின் நுனியில் உள்ள ஒலியலைக் கருவியோ, வெறும் வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வரும் 5 அடுக்குகளாக அந்தச் சுவரைக் காட்டும். நான்காவது அடுக்கான தசையிலிருந்து கிளம்பி, சீராகக் கறுத்து, ஓரம் தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் லியோமயோமா என்னும் தீங்கற்ற தசைக்கட்டி. மூன்றாவது அடுக்கில் வெளேரென்று தெரிந்தால் கொழுப்புக்கட்டி. சில சமயம் சுவரில் கட்டியே இருக்காது. பெருந்தமனியோ காசநோயால் வீங்கிய நிணநீர்க்கணுவோ வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும். இரத்தக்குழாயாக இருந்தால், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் அங்கேயே தெரிந்துவிடும்.

மறுமொழி 2:
என் கணவருக்குச் சென்ற ஆண்டு செய்தார்கள். மயக்க ஊசி போட்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் வரை தொண்டை மட்டும் வலித்தது. நான்காவது அடுக்கு என்று சொன்னவர்கள், ஊசி வைத்துச் சதை எடுக்காமலே அனுப்பிவிட்டது எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது.

மறுமொழி 3 (அதே மருத்துவர்):
உங்கள் உறுத்தல் நியாயமானதே, ஏனெனில் லியோமயோமாவும், புற்றாக மாறக்கூடிய ஜிஸ்ட் என்னும் கட்டியும் படத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஊசியில் எடுத்த சதையில் சிடி117 சாயம் ஏறினால் ஜிஸ்ட், டெஸ்மின் ஏறினால் லியோமயோமா என்று பிரிக்கலாம். ஆனால் ஜிஸ்ட் இரைப்பையில் வருவதுபோல உணவுக்குழாயில் வருவதில்லை, இங்கே அது அரிது. ஆகவே சிறியதாக, தொந்தரவு தராமல் இருக்கும் கட்டியைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து பார்ப்பதே வழக்கம். வளர்ந்தாலோ, ஓரம் கலைந்திருந்தாலோ ஊசி வைப்போம். நீர்க்கட்டி என்று தெரிந்தால் மட்டும் ஊசியைத் தவிர்க்கவே பார்ப்போம், ஏனெனில் உள்ளே சீழ் பிடிக்கக்கூடும்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வார்த்தை: அதே இடத்தில் மறுபடியும் கிள்ள விடாதீர்கள். தழும்பு ஒட்டிக்கொண்டால், பின்னால் கட்டியை உரித்தெடுக்க நேரும்போது மேற்சவ்வு கிழியும்.