ஒரே இழைப்புளியில் மூன்று காலம்

பழைய அமெரிக்கக் கைக்கருவிகளைச் சேர்க்கத் தொடங்கும் எவரும் முதலில் கேட்பது, "இது எந்த ஆண்டில் செய்தது?" என்றுதான். நான் வசிக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் பக்கத்திலிருக்கும் கனெக்டிகட்டிலும் ஒரு காலத்தில் இழைப்புளி, கைத்துரப்பணம், மட்டம், அளவுகோல் ஆகியவற்றைச் செய்து பல நாடுகளுக்கு அனுப்பிய ஆலைகள் நிறைந்திருந்தன. அதனால் வீட்டுச் சாமான்களை விற்றுத் தீர்க்கும் விற்பனைகளிலும் திறந்தவெளிச் சந்தைகளிலும் அந்தக் கருவிகள் இன்றும் கிடைக்கின்றன. அப்படி நான் கண்ட சிலவற்றையும் அவற்றின் வயதை எந்த அடையாளங்களைக் கொண்டு கணித்தேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன். ஆண்டு என்பது ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியாக உண்டு. உறுப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகுதான் முழுக் கருவிக்கும் ஓர் ஆண்டைச் சொல்ல வேண்டும் என்பதே இத்தனை நாள் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்டது.

மாசசூசெட்ஸின் பிரிம்ஃபீல்டில் 20ஆம் எண் நெடுஞ்சாலையின் இருபுறமும் உள்ள வயல்களில் மே, ஜூலை, செப்டம்பர் மாதங்களில் பழம்பொருள் சந்தை கூடும். அங்கே கருவிகளை மட்டும் பரப்பி வைத்திருந்த ஒரு பெரியவரின் மேசையில் ஸ்டான்லி நிறுவனத்தின் 5ஆம் எண் இழைப்புளி ஒன்று இருந்தது. பதினான்கு அங்குல நீளமுள்ள, தச்சர்கள் அன்றாடம் முரட்டு வேலைக்கு எடுக்கும் வகை அது. விலைச்சீட்டில் '1910' என்று எழுதியிருந்தது. பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். தாராளமாகப் பாருங்கள் என்று ஒரு பழந்துணியையும் கொடுத்தார்.

அலகை அழுத்திப் பிடிக்கும் லீவர் கேப்பின் நெம்புகோலைத் தூக்கி அதை எடுத்துவிட்டு, இரட்டை அலகையும் வெளியே எடுத்தால், அலகைச் சாய்வாகத் தாங்கும் ஃப்ராக் தெரியும். அதற்குப் பின்னால், கைப்பிடிக்கு முன்னே, அடிவார்ப்பில் எண்ணெயும் மரத்தூளும் இறுகிக் கிடந்தன. துணியால் துடைத்ததும் மூன்று வரிகளில் மூன்று காப்புரிமைத் தேதிகள் வந்தன: 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. இது போன்ற, பெய்லி வகை என்று சொல்லப்படும் ஸ்டான்லி இழைப்புளிகளைச் சேர்ப்பவர்களுக்கு இந்த மூன்று தேதிகள் நல்ல கைகாட்டி. முதல் இரண்டு மட்டும் இருந்தால் வார்ப்பு 1910க்கு முந்தையது. மூன்றும் இருந்து முன்குமிழ் குட்டையாக இருந்தால் பெரும்பாலும் 1910க்கும் 1918க்கும் இடைப்பட்டது. இதில் முன்குமிழ் குட்டையாகவே இருந்தது. ரோஸ்வுட்டின் கருஞ்சிவப்பு நிறம் கைபட்டுப் பளபளத்தது. அந்த அளவில் சீட்டில் எழுதியிருந்த ஆண்டுக்கு ஆதாரம் இருந்தது.

ஆனால் அலகின் மேல்முனையில் இதய வடிவத்துக்குள் 'எஸ்.டபிள்யூ.' என்ற எழுத்துகள் பொறித்திருந்தன. கனெக்டிகட்டின் நியூ பிரிட்டனில் இருந்த ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் நிறுவனம் 1920இல் ஸ்டான்லி வொர்க்ஸுடன் இணைந்த பிறகு வந்த முத்திரை அது. ஸ்டான்லி வொர்க்ஸின் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட்டின் நினைவாக, ஆங்கிலத்தில் இதயத்தைக் குறிக்கும் சொல்லும் அதே ஒலி என்பதால், இதய வடிவம் சேர்க்கப்பட்டது. சேகரிப்பாளர்கள் 'ஸ்வீட்ஹார்ட்' என்று சொல்லும் இந்த முத்திரை 1930களின் நடுப்பகுதி வரை வந்தது. லீவர் கேப்பை வெளிச்சத்தில் திருப்பினால், திருகாணி நுழையும் துளை சாவித்துளை போல இல்லாமல் சிறுநீரக வடிவில் வளைந்திருந்தது. அந்த மாற்றம் 1933இல் வந்தது. ஆக, 1910களின் அடிவார்ப்பு, 1920க்குப் பிந்தைய அலகு, 1933க்குப் பிந்தைய லீவர் கேப் ஆகிய மூன்றும் ஒரே கருவியில் கூடியிருந்தன.

இதைப் பெரியவரிடம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேப்பின் துளையை நெடுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்து மேசையிலிருந்த இன்னொரு இழைப்புளியின் கேப்பைக் கழற்றி, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுவிட்டு, சீட்டிலிருந்த 1910ஐப் பென்சிலால் அடித்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன். இப்படி உறுப்பு மாறிய கருவியை ஒட்டுப்போட்டது என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேய்ந்த அலகை மாற்றி, கீழே விழுந்து உடைந்த கேப்புக்குப் பதில் புதியதை வாங்கி, முப்பது நாற்பது ஆண்டுகள் அதைக் கொண்டே பிழைத்த ஒரு தச்சரின் வேலை வரலாறு அதில் இருக்கிறது. அருங்காட்சியக மாதிரியாக அதை விற்கக் கூடாது, அவ்வளவே.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். 'டைப் 11', 'டைப் 16' என்று நாம் இன்று சொல்லும் வகை எண்களை ஸ்டான்லி ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. அவை பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் நூற்றுக்கணக்கான இழைப்புளிகளை ஒப்பிட்டு வகுத்தவை. ஆலையில் பழைய வார்ப்புகளும் மீந்த குமிழ்களும் தீரும் வரை புதிய உறுப்புகளோடு கலந்தே வெளியேறின. ஆகவே இரண்டு மூன்று ஆண்டு முரண்பாடு இருந்தால் அது ஆலையிலேயே நேர்ந்ததாக இருக்கலாம். பத்து இருபது ஆண்டு இடைவெளி தெரிந்தால் பிற்காலத்தில் யாரோ உறுப்பை மாற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

காப்புரிமைத் தேதியைச் செய்த தேதியாகக் கொள்வது விற்பனைகளில் நான் மிக அதிகமாகக் காணும் குழப்பம். கருவியில் 1884 என்று இருந்தால், அது 1884க்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பது மட்டுமே பொருள். அதே தேதியை நிறுவனங்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து பொறித்து வந்தன. அது கீழெல்லை. மேலெல்லைக்கு, அதாவது எந்த ஆண்டுக்குள் செய்திருக்க வேண்டும் என்பதற்கு, வேறு சான்று தேட வேண்டும். அமெரிக்கச் சட்டம் 1927இல் மாறிய பிறகு, தேதிக்குப் பதிலாகக் காப்புரிமை எண்ணைப் பொறிக்கும் வழக்கம் வந்தது. அதனால் நாள், மாதம், ஆண்டு மட்டும் உள்ள கருவி பெரும்பாலும் அந்தக் காலத்துக்கு முந்தைய வடிவமைப்பு. எண் மட்டும் உள்ளது பிந்தையது. பழைய அச்சுகளைத் தொடர்ந்து பயன்படுத்தியவர்களும் இருந்ததால் 'பெரும்பாலும்' என்ற சொல்லை விடாமல் சொல்கிறேன். எண் கிடைத்துவிட்டால் வேலை எளிது: 1900ஆம் ஆண்டின் எண்கள் 6,40,167இல் தொடங்குகின்றன, 1910இல் 9,45,010, 1920இல் 13,26,899, 1930இல் 17,42,181, 1940இல் 21,85,170. இந்த ஐந்து எண்களையும் ஒரு சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் வசித்த, ஆயுள் முழுவதும் லேத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர், தம்முடைய 'யாங்கி' அழுத்துத் திருப்புளியைக் காட்டி அதன் வயதைக் கேட்டார். கைப்பிடியை அழுத்தினால் சுருள்பள்ளம் வெட்டிய தண்டு உள்ளே இறங்கி, முனை தானாகச் சுழலும் கருவி அது. தண்டை முழுவதும் வெளியே இழுத்துத் துடைத்தபோது, பிலடெல்பியாவின் நார்த் பிரதர்ஸ் பெயரும் காப்புரிமைத் தேதிகளும் தெரிந்தன. அந்த நிறுவனத்தை ஸ்டான்லி 1946இல் வாங்கியது. அதன் பிறகு வந்தவற்றில் ஸ்டான்லியின் பெயரும் இடம்பெறும். எனவே தேதிகள் கீழெல்லையையும், ஸ்டான்லியின் பெயர் இல்லாதது மேலெல்லையையும் கொடுத்தன. "இதை என் அப்பா வாங்கியது எனக்குப் பத்து வயது இருக்கும்போது" என்றார் அவர்; அவருடைய வயதைக் கணக்கிட்டால் அதுவும் அந்த எல்லைக்குள் சரியாக விழுந்தது. உரிமையாளரின் நினைவை நான் எப்போதும் கேட்டுக் குறித்துக்கொள்வேன்; பொறிப்புகள் சொல்லாத இடைவெளியைப் பல சமயம் அதுதான் நிரப்புகிறது.

ரம்பங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சான்றுகள் மிக எளிதாக அழிவது அவற்றில்தான். இங்கிலாந்தில் பிறந்து சிறுவனாகப் பிலடெல்பியா வந்த ஹென்றி டிஸ்டன் 1840இல் சொந்தமாக ரம்பத் தொழிலைத் தொடங்கினார். கைப்பிடியில் பதித்த பித்தளைப் பதக்கத்தில் உள்ள பெயரே காலத்தைச் சொல்லும்: 'அண்ட் சன்' என்று ஒருமையில் இருந்தால் 1865 முதல் 1871 வரையான காலம், 'அண்ட் சன்ஸ்' என்றிருந்தால் அதற்குப் பிந்தையது. கைப்பிடியை இறுக்கும் பித்தளை ஆணிகளில் 1887 டிசம்பர் 27 என்ற தேதி இருந்தால் அதுவும் ஒரு கீழெல்லை. டிஸ்டனின் புகழ்பெற்ற டி8 ரக ரம்பத்தின் பெயரில் எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே சிறுகோடு வந்தது 1928இல்தான். 1955இல் நிறுவனம் கைமாறியது. கழுகு உருவத்தோடு 'வாரன்டட் சுப்பீரியர்' என்று மட்டும் உள்ள பதக்கத்தை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. அதைப் பல உற்பத்தியாளர்கள் பொதுவாகப் பயன்படுத்தினார்கள்.

கனெக்டிகட்டில் ஒரு வீட்டில், காலமான தச்சர் ஒருவரின் ரம்பங்களை அவருடைய மகள் விற்றுக்கொண்டிருந்தார். நிலவறைச் சுவரில் ரம்பங்கள் வரிசையாகத் தொங்கின. விலை கூடும் என்று நினைத்து, உறவினர் ஒருவர் பாதி ரம்பங்களை மின்துரப்பணத்தில் கம்பிச்சக்கரம் மாட்டிப் பளபளவென்று தேய்த்துவிட்டார். தேய்க்காமல் விட்ட ஒரு டி8ஐ நான் சன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். பழுப்புத் துருவுக்கு அடியில், தகட்டின் நடுவே, அமிலத்தால் அரித்துப் பதித்த எழுத்துகள் நிழல்போலத் தெரிந்தன. பெயரும் எண்ணும் படிக்க முடிந்தது, எழுத்துக்கும் எண்ணுக்கும் இடையே கோடு இல்லை என்பதும் தெளிவாக இருந்தது. பதக்கத்தோடு அதைச் சேர்த்துப் பார்த்தபோது 1928க்கு முந்தையது என்று அந்த அம்மையாரிடம் உறுதியாகச் சொல்ல முடிந்தது. தேய்த்த ரம்பங்களின் தகட்டில் எதுவும் மிஞ்சவில்லை. அவை நன்றாக அறுக்கும். ஆனால் எந்த ரகம், எந்தக் காலம் என்று பதக்கம் ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது, அந்தப் பதக்கமும் வேறொரு கைப்பிடியிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

ஆகவே துருப்பிடித்த ரம்பத்தில் நான் முதலில் செய்வது, தட்டையான மரக்கட்டையில் மிக நுண்ணிய உப்புத்தாளைச் சுற்றி, மினரல் ஸ்பிரிட் என்ற பெயின்ட் கரைப்பானைத் தொட்டு, ஒரே திசையில் மெல்லத் தேய்ப்பதுதான். கட்டை தட்டையாக இருந்தால் தாள் பள்ளத்தில் இறங்காது. அரித்த எழுத்துகள் கறுப்பாகவே நின்றுவிடும். சுற்றும் சக்கரம், மணல் வீச்சு, வினிகரில் இரவெல்லாம் ஊறவைப்பது ஆகிய மூன்றையும் ரம்பத் தகட்டில் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இழைப்புளி வார்ப்புகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: உள்ளே இருக்கும் கறுப்பு ஜப்பானிங் பூச்சு ஒரு சான்று, அதைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்தால் அந்தச் சான்று போய்விடும்.

போர்க்காலக் கருவிகளை அடையாளம் காண்பது எளிது. 1942க்கும் 1945க்கும் இடையில் பித்தளை போர்த்தேவைக்குப் போனதால், ஸ்டான்லி இழைப்புளியின் ஆழம் சரிசெய்யும் உருளைத் திருகு கறுப்பு வன்ரப்பரிலோ எஃகிலோ வந்தது, ரோஸ்வுட்டுக்குப் பதிலாகச் சாயமேற்றிய வேறு மரம் வந்தது, வார்ப்பும் தடித்தது. அழகில்லை என்று சிலர் ஒதுக்கினாலும், கனமான அடி இருப்பதால் முரட்டு மரத்தில் அது அதிராமல் ஓடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வகை அது. ஸ்பானர்களில் லாஸ் ஏஞ்சலிஸின் ப்ளாம்ப் நிறுவனப் பெயர் உள்ளவை, பிலடெல்பியாவின் ப்ளம்ப் என்ற கோடாரி நிறுவனம் 1946இல் தொடுத்த பெயர் வழக்குக்குப் பிறகு 'புரோட்டோ' என்று மாறின. பழைய பெயர் இருந்தாலே காலம் ஓரளவு தெரிந்துவிடும். காகிதப் பெட்டியோடு கிடைத்தால் முகவரியைப் பாருங்கள்: ஐந்து இலக்க அஞ்சல் எண் 1963இல்தான் வந்தது.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டான்லி 1ஆம் எண் இழைப்புளி ஐந்தரை அங்குல நீளமே உள்ளது. ஆயிரம் டாலருக்கு மேல் விலை போவதால் போலிகளும் உலவுகின்றன. உண்மையான 1ஆம் எண்ணில் அலகைப் பக்கவாட்டில் சாய்க்கும் நெம்புகோல் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே அது இருந்தால் விலகிவிடலாம். இல்லாதிருப்பது மட்டும் உண்மைக்குச் சான்றாகாது, உறுப்புகளைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இங்கே தங்கள் இழைப்புளியின் வயதைக் கேட்க விரும்புபவர்கள், முழுக் கருவியின் ஒரே படத்தை அனுப்புவதற்குப் பதிலாக, ஃப்ராக்கின் பின்புறம், அலகின் மேல்முனை முத்திரை, லீவர் கேப்பின் துளை, முன்குமிழின் உயரம் தெரியும் பக்கத்தோற்றம் ஆகிய நான்கையும் துடைத்துவிட்டுத் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்புங்கள். தேய்க்காமல் அனுப்புங்கள்.