கேசட் கச்சேரிகளை எந்தக் கோப்பு வடிவத்தில் வைத்துக்கொள்வது?

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் கோயில் திருவிழாக்களில் நேரில் பதிவு செய்த நாதஸ்வரக் கச்சேரிகள் அடங்கிய 70 கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறேன். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் வேவ் (WAV, சுருக்கப்படாத ஒலி) கோப்பாகப் பதிந்தால் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 635 எம்.பி. ஆகிறது, அதையே ஃப்ளாக் (FLAC) கோப்பாகச் சுருக்கினால், ஒலியில் எதையும் இழக்காமல் இடம் ஏறக்குறையப் பாதியாகக் குறைவதுடன், ராகம், கலைஞர் பெயர், ஊர் ஆகியவற்றையும் கோப்பிலேயே எழுதி வைக்க முடிகிறது. ஆகவே மூலப்பிரதி ஃப்ளாக்தான். அதில் எனக்குக் குழப்பம் இல்லை.

குழப்பமெல்லாம் அன்றாடம் கேட்பதற்கான பிரதியில்தான். அம்மா கேட்கும் சிறிய ஸ்பீக்கரும், எங்கள் பழைய காரில் உள்ள பிளேயரும் பென்டிரைவில் எம்.பி.3 கோப்புகளை மட்டுமே படிக்கின்றன. 128 கே.பி.பி.எஸ். (நொடிக்கு 128 கிலோபிட்) வேகத்தில் மாற்றிப் பார்த்தேன். தவிலின் அடி மழுங்கிவிட்டது, கேசட்டுக்கே உரிய இரைச்சல் (அதுகூட எனக்குப் பிடிக்கும்) தண்ணீருக்குள் குமிழியிடுவதுபோல் ஒலிக்கிறது.

இத்தகைய பதிவுகளுக்கு 320 கே.பி.பி.எஸ். அவசியமா, அல்லது மாறும் பிட் வீதத்தில் (VBR, ஒலிக்கேற்ப பிட் அளவு கூடிக் குறையும் முறை) உயர்தர அமைப்பே போதுமா? அனுபவமுள்ளவர்கள், எந்த மென்பொருளில் என்ன அமைப்பை வைத்து மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்துத் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.