புயலில் போன தளம் கோவையிலிருந்து திரும்பி வந்தது: டாட் ஈத் பெயரில் ரசிகர் குழு நடத்தும் அனுபவங்கள்

சென்னை, வேளச்சேரி (பதிவைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் என்ற கணினிப் போர் விளையாட்டை ஆடும் தமிழ் ரசிகர்களின் குழு இது. 2023 முதல் நம் தளம் டாட் ஈத் பெயரில், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பிளாக்செயின் பதிவேட்டில் பதிந்த பெயரில், இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் பலர், "சாதாரண டாட் காம் போதாதா, இந்த பிளாக்செயின் எல்லாம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நடந்ததை எழுதுகிறேன். கூட இருந்தவர்கள் தங்கள் பங்கையும் சொல்லுங்கள்.

எங்களில் மூத்தவர்கள் இந்த ஆட்டத்தை பிரவுசிங் சென்டரில் கற்றவர்கள். மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து சென்டரின் உள்வலையில் (லேன்) ஆடுவோம். யாராவது தோற்றால் மற்ற மூவரும் 11 என்று தட்டுவோம், நான்கு கணினியிலும் சிரிப்பொலி கேட்கும். அப்புறம் ஒரு இலவச மன்றச் சேவையில் இடம் பிடித்து ஆறு வருடம் எழுதினோம். 21 பாப் ஸ்கவுட் என்ற தொடக்க உத்திக்கு எப்படிப் போவது, சுவர் எங்கே வைப்பது, எல்லாம் தமிழில். அந்தச் சேவை மூடப்போவதாக வந்த மின்னஞ்சல், எங்கள் நிர்வாகி பல காலமாகத் திறக்காத முகவரிக்குப் போயிருக்கிறது. நாங்கள் பார்த்தபோது ஒன்றும் இல்லை. ஜியோசிட்டிஸ் 2009இலும் ஆர்குட் 2014இலும் மூடியபோது அடுத்தவர் கதையாகப் படித்தது நம் வீட்டுக்கே வந்துவிட்டது.

2022 ஏப்ரல் 28 அன்று அந்த ஆட்டத்தின் கூடுதல் தொகுப்பான டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா வந்தது. திராவிடர் என்று ஒரு நாகரிகம், ராஜேந்திரன் பெயரில் ஒரு போர்த்தொடர், உருமி வீச்சு வீரன், திரிசடைக் கப்பல். கிராமத்தானைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொன்னான். அன்று இரவு பழைய ஆட்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்துப் பேசினோம். மறுபடி எழுதத் தொடங்கினோம். இந்தத் தடவை எழுதியது போகக்கூடாது என்பது மட்டும்தான் என் தவிப்பு.

அதனால்தான் டாட் ஈத் பெயர்களைப் பதிந்து தரும் ஈ.என்.எஸ். பக்கம் போனேன். ஐந்தோ அதற்கு மேலோ எழுத்துள்ள பெயருக்கு அப்போது ஆண்டுக்கு 5 டாலர். பத்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினேன். பதிவு இரண்டு கட்டமாக நடக்கும்: முதலில் பெயரை வெளியே காட்டாமல் ஒரு முத்திரையை மட்டும் அனுப்ப வேண்டும், குறைந்தது 60 விநாடி கழித்துத்தான் பெயரைத் திறந்து காட்டலாம். நாம் கேட்கும் பெயரை வழியில் பார்த்து இன்னொருவர் முந்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அந்த ஒரு நிமிடம் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

பெயர் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் இருக்கிறது. ஆனால் பக்கங்களும் கோப்புகளும் அங்கே இல்லை. அவை ஐ.பி.எஃப்.எஸ். வலையில், அதாவது பலர் தங்கள் கணினியிலிருந்தே கோப்புகளைப் பகிரும் வலையில் இருக்கும். பெயருக்குள் அவற்றின் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எழுத்துக்கோவை மட்டும் எழுதியிருக்கும். வழிகாட்டிகள், வரைபடங்கள், ஆட்டப் பதிவுகள் எல்லாம் சேர்ந்து மூன்று ஜிபிக்குச் சற்று மேல். என் பழைய மடிக்கணினியை அலமாரிக்கு மேல் வைத்து இரவும் பகலும் ஓட விட்டேன். ஒரு தடவை ஏற்றிவிட்டால் உலகம் முழுக்கப் பரவி என்றைக்கும் இருக்கும் என்று நம்பினேன். பலருக்கும் அப்படியே சொன்னேன்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் வந்தது. வேளச்சேரி எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் இல்லை, தெருவில் தண்ணீர். மூன்றாம் நாள் கைப்பேசியில் கொஞ்சம் சிக்னல் கிடைத்தபோது குழுவில் ஒரே கேள்வி: "தளம் ஏன் திறக்கவில்லை?" பெயர் அப்படியே இருந்தது, ஹாஷும் இருந்தது. அந்த ஹாஷுக்கு உரிய கோப்பு உலகத்திலேயே என் அலமாரி மேல் மட்டும்தான் இருந்தது. மற்றதைக் கோவைத் தம்பி சொல்லட்டும்.

கோயம்புத்தூர்

அண்ணா, நீங்கள் கேட்காவிட்டாலும் நானே எழுதியிருப்பேன். என் விளையாட்டு வாழ்க்கையில் இத்தனை பதற்றமான இரவு வந்ததில்லை.

என்னிடம் ஒரு பென் டிரைவ் இருந்தது. நவம்பரில் ஊருக்குப் போகும்போது ரயிலில் ஆட்டப் பதிவுகளைப் பார்க்கலாம் என்று தளத்தின் முழுக் கோப்புறையையும் இறக்கி வைத்திருந்தேன். ஐ.பி.எஃப்.எஸ்.இல் முகவரி என்பது இடத்தின் பெயர் அல்ல, உள்ளே இருப்பதன் கைரேகை. அதனால் அதே கோப்புகளை நான் கோவையில் ஏற்றினால் அதே ஹாஷ்தான் வர வேண்டும். வந்துவிட்டால் பெயரில் எதையும் மாற்ற வேண்டாம், பெயரின் சாவி இருக்கும் அண்ணன் வாலட்டைத் திறக்கவும் வேண்டாம், தளம் தானாகவே எழுந்துவிடும்.

ஏற்றினேன். வேறு ஹாஷ் வந்தது.

அண்ணனுக்கு அழைத்தேன். அவர் கைப்பேசியில் ஒன்பது சதவீதம்தான் சார்ஜ். "கியூ எம் என்று தொடங்குகிறதா?" என்று கேட்டார். என்னுடையது பாஃபி என்று தொடங்கியது. அவருடையது பழைய வடிவம், நான் புதிய வடிவத்தில் ஏற்றியிருக்கிறேன். அந்த அமைப்பை மாற்றி மறுபடி ஏற்றினேன். இப்போது கியூ எம் என்றுதான் தொடங்கியது, ஆனால் கடைசி நான்கு எழுத்து பொருந்தவில்லை. அழைப்பும் துண்டித்துப் போனது.

அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு உள்கோப்புறையாகச் சரிபார்த்தேன். வழிகாட்டிகள் சரி, வரைபடங்கள் சரி, ஆட்டப் பதிவுகள் சரி. படங்கள் மட்டும் உதைத்தது. உள்ளே பார்த்தால், நாங்கள் யாரும் போடாத ஒரு கோப்பு: தம்ப்ஸ் டாட் டிபி. படங்களைச் சின்னதாகக் காட்டுவதற்காக விண்டோஸ் தானே உண்டாக்கி வைப்பது. ஒரே ஒரு வேண்டாத கோப்பு நுழைந்தால் கோப்புறையின் ஹாஷ் மாறும், அதைத் தாங்கும் மேல் கோப்புறையின் ஹாஷும் மாறும். அதை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். மூன்று ஜிபியையும் படித்து முடிக்கும் வரை தேநீர்கூடக் குடிக்கவில்லை.

கடைசி நான்கு எழுத்தும் பொருந்தின. ரவுட்டரில் ஐ.பி.எஃப்.எஸ். பயன்படுத்தும் 4001 போர்ட்டைத் திறந்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து கேட்வே வழியாக, அதாவது ஐ.பி.எஃப்.எஸ். கோப்புகளைச் சாதாரண உலாவிக்கு எடுத்துக் கொடுக்கும் இடைத்தளம் வழியாகத் தட்டினால், ராஜேந்திரன் வழிகாட்டியின் முதல் பக்கம் வந்து நின்றது. சென்னையில் அந்த மடிக்கணினி இன்னும் இருட்டில்தான் கிடந்தது. குழுவில் யாரோ 11 என்று போட்டார்கள், பின்னாலேயே நாற்பது 11.

தொழில்நுட்பமாக இரண்டு விஷயம், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உதவும். பக்கங்களுக்குள் இணைப்புகளை வேரிலிருந்து எழுதாமல், இருக்கும் பக்கத்திலிருந்து வழி சொல்லும் வகையில் எழுதுங்கள். இல்லையென்றால் சில கேட்வேக்களில் படமும் எழுத்துருவும் உடைந்து நிற்கும். அடுத்தது, தளத்தில் ஒரு கமாவை மாற்றினாலும் ஹாஷ் மாறும். ஒவ்வொரு தடவையும் அதைப் பெயரில் எழுத, எத்தீரியத்தில் பதியும் கூலியான கேஸ் கட்டணம் போகும். அதனால் இப்போது பெயரில் ஐ.பி.என்.எஸ். சாவியை (தான் மாறாமல், காட்டும் ஹாஷ் மட்டும் மாறும் முகவரி) ஒரே தடவை எழுதிவிட்டு, புது ஹாஷை அந்தச் சாவியின் கீழ் வெளியிடுகிறோம். கட்டணம் இல்லை. ஆனால் அந்த அறிவிப்பு ஒன்றிரண்டு நாளில் காலாவதியாகிவிடும், ஏதாவது ஒரு கணினி அதைத் திரும்பத் திரும்ப அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தஞ்சாவூர்

அந்த ராஜேந்திரன் வழிகாட்டியை எழுதியவள் நான். ஐந்து களங்களுக்கும் சேர்த்து நாலு மாத வேலை. தளம் போன அந்த மூன்று நாளும் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் இதை உரிமையோடு சொல்கிறேன், அண்ணா. நீங்கள் இருவரும் பெயரைப் பற்றியே பேசுகிறீர்கள், வாசலைப் பற்றிப் பேசவில்லை. என் பள்ளித் தோழிகளுக்கு டாட் ஈத் முகவரியை அனுப்பினால், குரோமில் தட்டித் தேடல் பக்கத்தில் போய் நிற்கிறார்கள். கேட்வே வழியாகத் திறக்க, பின்னால் லிமோ சேர்த்துத் தட்டச் சொன்னால் "இது ஏதும் ஏமாற்றுத் தளமா?" என்று கேட்கிறார்கள். பிரேவ் உலாவி 2021இல் ஐ.பி.எஃப்.எஸ்.ஐ உள்ளேயே சேர்த்தது, 2024இல் எடுத்துவிட்டது. ஆக, கேட்வேதான் கதி. அந்த கேட்வேயும் ஒரு சாதாரண டொமைன்தான். ஈத் டாட் லிங்க் என்ற கேட்வே 2022இல் என்ன ஆனது என்று படித்துப் பாருங்கள். அந்தப் பெயரைப் புதுப்பிக்க வேண்டியவர் சிறையில் இருந்தார், பெயர் காலாவதியாகிக் கைமாறியது, நீதிமன்றம் போய்த்தான் மீட்டார்கள். பெயரை எத்தனை உறுதியாகப் பதிந்தாலும் வழி இன்னொருவர் கையில் இருக்கிறது.

நான் பிடிவாதம் பிடித்துத்தான் முன்னால் ஒரு சாதாரண டொமைனும் வாங்க வைத்தேன். பதினான்கு வயதுப் பையன் வாலட் இல்லாமல், எதிலும் கையெழுத்திடாமல் உள்ளே வந்து படித்துவிட்டுப் போக வேண்டும். அந்தச் சாதாரணப் பெயர் நாளை போனாலும் டாட் ஈத் பெயரில் இருக்கும் ஹாஷ் நிற்கும். இரண்டும் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இன்னொன்று. "உறுப்பினர்களுக்கு நம் பெயரின் கீழ் கிளைப்பெயர் விற்கலாம், வாங்கி விற்கும் டோக்கன் போடலாம்" என்று இடையில் ஒருவர் வந்தாரே, அவரை மறுத்தது நாம் எடுத்த மிகச் சரியான முடிவு. விளையாட்டின் படங்களையும் குரல்களையும் ரசிகர்கள் பயன்படுத்த மைக்ரோசாஃப்ட் விதிகள் வைத்திருக்கிறது. ரசிகர் படைப்பு என்று வெளிப்படையாக எழுத வேண்டும், அதிகாரபூர்வத் தளம் என்று தோன்றும்படி இருக்கக் கூடாது. அதனால்தான் நம் பெயரிலேயே விளையாட்டின் பெயர் இல்லை. அன்பினால் எழுதியதைப் பங்குச் சந்தை ஆக்கிவிடாதீர்கள்.

யாழ்ப்பாணம்

தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி.

நான் தமிழிலேயே பெயர் வைப்பம் என்று நின்றவன். ஒரு வேடிக்கையான கணக்கு அதில் உண்டு, அதை இங்கே பதிந்து வைக்கிறேன். ஈ.என்.எஸ்.இல் மூன்றெழுத்துப் பெயருக்கு அப்போது ஆண்டுக்கு 640 டாலர், நாலெழுத்துக்கு 160. "கோட்டை" என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கோ. நமக்கு அது மூன்றெழுத்து: கோ, ட், டை. அவ்வளவு காசு எங்கே போறது என்று விட்டுவிட இருந்தேன். பிறகு பார்த்தால் விலையைக் கணக்கிடுற ஈ.என்.எஸ். நிரல், கணினி எழுத்தைச் சேமிக்கிற யூனிகோட் குறிகளைத்தான் எண்ணுது: க, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, ஐகாரக் குறி. ஆறு! ஐந்து டாலர் போதும். நன்னூல் படித்த எங்களுக்குப் புள்ளியைத் தனி எழுத்தாக எண்ணுறது ஒப்பாது, ஆனால் காசுக்கு நல்லது.

கடைசியில் ஆங்கில எழுத்துப் பெயர்தான் வைத்தம். கனடாவிலும் பிரான்சிலும் வளர்ந்த எங்கட பிள்ளைகளில் கன பேருக்குத் தமிழ் விசைப்பலகை இல்லை. அவர்கள் வராத தளம் எனக்கு வேண்டாம்.

சிங்கப்பூர்

என் கதை சுருக்கமானது, வலி அதிகம். இந்தக் குழுவுக்கு முன்னால் எங்கள் கிளானுக்கு, அதாவது விளையாட்டு அணிக்குத் தனியாக ஒரு டாட் ஈத் பெயர் இருந்தது. என் ஒருவன் வாலட்டில்தான் வைத்திருந்தேன். "உங்கள் பெயர் காலாவதியாகப் போகிறது" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. பக்கம் அசல் போலவே இருந்தது. எம்.ஆர்.டி. ரயிலில் நின்றபடியே வாலட்டில் ஒப்புதல் கையெழுத்து போட்டேன். இறங்க வேண்டிய நிலையம் வருவதற்குள் பெயர் வேறு வாலட்டுக்குப் போய்விட்டது. புகார் சொல்ல ஒரு அலுவலகமும் இல்லை. எவராலும் பறிக்க முடியாது என்று எதை நம்பி வாங்கினோமோ, அதே காரணத்தால் திருடனிடமிருந்து திரும்பப் பறிக்கவும் முடியவில்லை.

உண்மையில் அவசரமே இல்லை. காலாவதியான பிறகும் 90 நாள் அவகாசம் உண்டு. இன்னொன்று பலருக்குத் தெரியாது: எந்தப் பெயரையும் யார் வேண்டுமானாலும் பணம் கட்டிப் புதுப்பிக்கலாம், உரிமை உரியவரிடமே இருக்கும். போன பொங்கலுக்கு இந்தக் குழுவின் பெயருக்கு மேலும் ஐந்து வருடம் கட்டினேன், யாரிடமும் சாவி கேட்கவில்லை.

சென்னை, வேளச்சேரி

சிங்கப்பூர் நண்பரே, நீங்கள் இதைச் சொன்ன அன்றுதான் பெயரை என் வாலட்டிலிருந்து எடுத்துக் கூட்டு வாலட்டுக்கு மாற்றினேன். ஐந்து பேரில் மூவர் கையெழுத்திட்டால்தான் எதுவும் நகரும். நான் ஒருவன் இல்லாமல் போனாலும் குழு நிற்கும். வாலட்டை மீட்க உதவும் என் பன்னிரண்டு சொல் எழுதிய தாள் என் அக்கா வீட்டில், மதுரையில், பத்திரமாக இருக்கிறது.

இப்போது முழுக் கோப்புறையையும் பின் செய்து, அதாவது தங்கள் கணினியில் அழியாமல் நிறுத்தி வைத்திருப்பவர்கள்: வேளச்சேரி, கோவை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர். நான்கு இடம். கோடை வருகிறது, மின்வெட்டும் வரும். இன்னும் இருவர் வேண்டும். கணினியில் ஐந்து ஜிபி இடமும் இரவில் அணைக்காமல் விடும் மனமும் இருந்தால் போதும். எப்படிச் செய்வது என்று கோவைத் தம்பி சொல்லிக்கொடுப்பார்.

நாகர்கோவில்

அண்ணா, நான் ஒரு வருடமாகப் படிக்க மட்டுமே வருபவன், இதுதான் என் முதல் பதிவு. நேற்று இரவு பதினொரு மணிக்குத் தொடங்கினேன், காலை பால் வாங்கப் போகும்போது பின் ஆகி முடிந்திருந்தது. கடைசி நான்கு எழுத்தையும் சரிபார்த்துவிட்டேன், பொருந்துகிறது. கணினிக்கு யு.பி.எஸ். இருக்கிறது. என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.